கைப்பின்னலும் கட்டுக்கதையும்

நுழையும்முன்

கைத்தொழில் ஒவ்வொன்றிலும் மூன்று செல்வங்கள் பொதிந்துள்ளன. பொருளைப் பற்றிய அறிவு ஒன்று. கையின் பயிற்சி மற்றொன்று. செய்பவரின் கற்பனை மூன்றாவது. முதல் இரண்டையும் உலகம் எளிதில் ஒப்புக்கொள்கிறது. மூன்றாவதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறது. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கடலோரத்தில் பெயர் அறியப்படாத பெண்கள் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்றின் வரலாறு, அந்த மறதியையும் அதனைத் திருத்த மேற்கொண்ட முயற்சியையும் எடுத்துரைக்கிறது.

கடலும் கல்லும்

அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயிலில் மூன்று சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றையும் சேர்த்து ஆரன் தீவுகள் என்று அழைப்பர். அவற்றிற்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலே விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் அக்கடலிலிருந்து வீசும் காற்று மரங்களை ஓங்கி வளரவிடுவதில்லை.

அத்தீவுகளின் நிலம் சுண்ணாம்புப் பாறை. பயிர் செய்யப் போதிய மண் அங்கு இல்லை. எனவே, தீவு மக்கள் கடற்கரை மணலையும் கடற்பாசியையும் கூடைகளில் சுமந்து வந்து, பாறையின்மேல் பரப்பி, மக்கவைத்து, விளைநிலத்தைத் தாமே உருவாக்கினர். அதில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். பொறுக்கியெடுத்த கற்களை அடுக்கி வயல்களைச் சுற்றி மதில் எழுப்பினர். அடுப்பெரிக்கும் கரிமண்கூட அங்குக் கிடைப்பதில்லை. எதிர்க்கரையிலிருந்து படகில் வந்து சேரவேண்டும். மெல்லிய மரச்சட்டத்தின்மேல் துணியைப் போர்த்தித் தார் பூசிய சிறு படகுகளில் ஆண்கள் மீன்பிடிக்கச் சென்றனர். மண்ணையே கையால் செய்துகொண்ட மக்கள், குளிரைத் தாங்கும் உடையையும் கையாலேயே செய்துகொண்டதில் வியப்பில்லை.

இன்று உலகெங்கும் ‘ஆரன் ஸ்வெட்டர்’ என்று அறியப்படுவது அத்தீவுகளின் பெயர் தாங்கிய கம்பளிச் சட்டையே ஆகும். பாலேட்டின் நிறம், தடித்த நூல், மார்பின் நடுவே சாய்சதுரங்கள், அவற்றின் இருபுறமும் கயிறு முறுக்கியதுபோல் மேலேறிச் செல்லும் பின்னல்கள், ஓரங்களில் தேனடை போன்ற அமைப்புகள். பார்ப்பவர் கண்ணை ஈர்க்கும் இச்சட்டையோடு கதை ஒன்றும் சேர்ந்தே உலகைச் சுற்றி வந்தது.

தீவில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்த பின்னல் உண்டு. அது பல நூற்றாண்டுகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு மாறாமல் வந்து சேர்ந்தது. கடலில் மூழ்கிய மீனவர் அடையாளம் தெரியாத நிலையில் கரை ஒதுங்கினால், சட்டையின் பின்னலைக் கண்டே அவர் இன்ன குடும்பத்தவர் என்று அறிந்துகொள்வர் என்பதே அக்கதை. கேட்பவர் நெஞ்சை உருக்கும் கதைதான். ஆனால், அது உண்மையன்று.

உண்மையல்லாத அக்கதை எவ்வாறு பிறந்தது, அது யாரை மறைத்தது என்பதை அறியவேண்டுமானால், அச்சட்டை எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு நூலும் இரண்டு ஊசிகளும்

நெசவில் பாவு, ஊடு என இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. கைப்பின்னலிலோ ஒரே நூல்தான். அந்நூலை ஊசியில் வளையம் வளையமாக ஏற்றுவர். ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. ஒரு கண்ணியின் உள்ளே ஊசியைச் செலுத்தி, நூலை அதன் வழியாக இழுத்தால் புதிய கண்ணி பிறக்கும். பழைய கண்ணி அதன் காலடியில் இறங்கி அமரும். வரிசையின்மேல் வரிசையாக இவ்வாறு துணி வளர்கிறது. மேலுள்ள கண்ணியைக் கீழுள்ள கண்ணி தாங்குகிறது. கீழுள்ளது அவிழாமல் மேலுள்ளது காக்கிறது.

நூலை ஊசிக்குப் பின்னால் வைத்து இழுத்தால் கண்ணியின் வழவழப்பான முகம் நம்மை நோக்கி அமையும். இதனை நேர்க்கண்ணி எனலாம். நூலை ஊசிக்கு முன்னால் வைத்து இழுத்தால் சிறு முடிச்சுப் போன்ற முதுகு நம்மை நோக்கி அமையும். இதனை எதிர்க்கண்ணி எனலாம். கைப்பின்னலின் அழகுகளெல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டின் சேர்க்கையால் விளைவனவே. எதிர்க்கண்ணிகள் பரப்பிய தளத்தின் நடுவே நேர்க்கண்ணிகளை வைத்தால், அவை மேடாக எழுந்து நிற்கும். வாசலில் இட்ட புள்ளிகளே கோலத்திற்கு இடம் வகுப்பதுபோல, இந்த மேடும் பள்ளமுமே பின்னலின் வடிவங்களுக்கு இடம் வகுக்கின்றன.

ஒரு சட்டைக்கு எத்தனை கண்ணிகள் வேண்டும்? கணக்கிட்டுப் பார்க்கலாம். முறுக்குப் பின்னல் நிறைந்த துணியில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஏறத்தாழ 24 கண்ணிகளும், அதே அளவு உயரத்தில் 24 வரிசைகளும் அமைவதாகக் கொள்வோம். அவ்வாறாயின், ஒரு சிறு சதுரத்தில் 576 கண்ணிகள் இருக்கும். வளர்ந்த ஆணின் சட்டை, கைகளையும் சேர்த்து இத்தகைய நூறு சதுரங்களுக்குக் குறையாது. அதாவது 57,600 கண்ணிகள். நிமிடத்திற்கு இருபது கண்ணிகள் என்று இடைவிடாது பின்னினாலும் 48 மணி நேரம் ஆகும். வீட்டு வேலையும் வயல் வேலையும் முடித்து, இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கக்கூடிய பெண்ணுக்கு அது 24 இரவுகளின் உழைப்பு.

தெரிந்து தெளிவோம்

கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உட்கொண்ட பின்னும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றுவதில்லை. ஆட்டின் தோலிலிருந்து சுரக்கும் மெழுகுப் பொருள் இழையில் தங்கியிருந்தால், அது மழைத்துளியை எளிதில் உள்ளே விடாது. முறுக்குப் பின்னலில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் துணி தடிக்கிறது. அதன் இடையே சிறைப்படும் காற்று உடலின் வெம்மையை வெளியேறாமல் காக்கிறது. ஆகவே, அழகுக்கென அமைந்த பின்னல் குளிருக்கும் காப்பாகிறது.

முறுக்கின் நுட்பம்

சட்டையின் சிறப்பே அதில் கயிறுபோல் ஓடும் பின்னல்தான். ஆங்கிலச் சொல்லால் ‘கேபிள்’ என்று அதனைக் குறிப்பர். பார்ப்பவருக்குத் தனியே கயிறு திரித்து மேலே தைத்ததுபோல் தோன்றும். உண்மையில் அங்கு ஒட்டுப்போட்டது எதுவும் இல்லை. கண்ணிகள் தத்தம் இடத்தை மாற்றிக்கொள்வதால் மட்டுமே அத்தோற்றம் உண்டாகிறது.

ஆறு நேர்க்கண்ணிகளைக் கொண்ட முறுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று கண்ணிகளைப் பின்னாமல், ஒரு சிறிய துணை ஊசியில் ஏற்றித் துணியின் முன்புறம் நிறுத்துவர். அடுத்த மூன்று கண்ணிகளை முதலில் பின்னுவர். அதன்பின், காத்திருந்த மூன்றையும் பின்னுவர். பின்னிறுதியில் நிற்கவேண்டியவை முன்னே வந்துவிட்டன. முன்னே நின்றவை அவற்றின்மேல் குறுக்கே தாண்டிவிட்டன. துணை ஊசியை முன்புறம் நிறுத்தினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்புறம் நிறுத்தினால் வலப்பக்கம் சாயும். பிறகு சில வரிசைகள் நேராகப் பின்னி, மீண்டும் ஒரு முறை இடம் மாற்றுவர். எட்டு வரிசைக்கு ஒரு முறை மாற்றினால் தளர்ந்த கயிறு; நான்கு வரிசைக்கு ஒரு முறை மாற்றினால் இறுகிய கயிறு. மூன்று கற்றைகளாகப் பிரித்து மாறி மாறித் தாண்டச் செய்தால் கூந்தலில் பின்னிய சடை.

இவ்வளவுதான் நுட்பம். ஒரு முறை கண்டவர் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆயினும், அதனைக் கொண்டு ஒரு சட்டையை அமைப்பது வேறு வகை அறிவு. கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது துணியின் அகலம் சுருங்குகிறது. எத்தனை முறுக்குகளுக்கு எவ்வளவு சுருங்கும் என்று முன்னரே அறிந்து, தொடக்கத்திலேயே அதற்கேற்பக் கண்ணிகளைக் கூட்டவேண்டும். நான்கு வரிசையில் திரும்பும் முறுக்கும், எட்டு வரிசையில் திரும்பும் முறுக்கும், இருபது வரிசையில் முடியும் சாய்சதுரமும் ஒரே சட்டையில் அடுத்தடுத்து ஏறிச் செல்லும். அவை எவ்விடத்தில் ஒன்றாக முடியும் என்பது கணக்கு. தோளுக்கும் கழுத்துக்கும் கண்ணிகளைக் குறைக்கும் வேளையில் அவ்வடிவங்கள் வெட்டுண்டு சிதையாமல் இருக்கவேண்டும் என்பது கலை. எழுதி வைத்த குறிப்பின்றி இக்கணக்கையெல்லாம் மனத்தில் வைத்துப் பின்னியவர்கள் தீவுப் பெண்கள்.

பிழையும் திருத்தமும்

1930களின் குளிர்கால இரவு ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். கற்சுவர் வீட்டில் எண்ணெய் விளக்கு எரிகிறது. அடுப்பருகே பெண் ஒருத்தி அமர்ந்து பின்னுகிறாள். நூல் அவள் விரல்களின் இடையே தானே ஓடுகிறது. கண்கள் குழந்தையின்மீதும் கதவின்மீதும் சென்று திரும்புகின்றன. சட்டையின் முன்பக்கத் துண்டு பாதி முடிந்துவிட்டது. அதனை மடியில் விரித்து நீவிப் பார்க்கிறாள். பதினாறு வரிசைகளுக்குக் கீழே ஒரு முறுக்கு தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது. துணை ஊசியை முன்னே நிறுத்தவேண்டிய இடத்தில் பின்னே நிறுத்திவிட்டாள்.

அவள்முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பதினாறு வரிசைகளையும் அவிழ்த்துவிட்டு மீண்டும் பின்னுவது. அத்துண்டின் அகலத்தில் 132 கண்ணிகள் இருந்தால், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளைத் திரும்பச் செய்யவேண்டும். ஓர் இரவின் உழைப்பு வீணாகும். இரண்டாவது, கண்டும் காணாமல் மேலே செல்வது. வாங்குபவருள் பலர் அதனைக் கவனிக்கமாட்டார்கள்.

மூன்றாவது வழி துணிவு வேண்டுவது. பிழை நேர்ந்த முறுக்கின் ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிடுவது. அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கீழிறங்கும். ஒவ்வொரு வரிசையின் நூலும் ஏணிப்படிபோல் குறுக்கே தொங்கும். பிழை நேர்ந்த வரிசையை அடைந்ததும் நிறுத்தி, கண்ணிகளைச் சரியான பக்கம் மாற்றி அமைத்து, தொங்கும் ஒவ்வொரு படியையும் வரிசை பிறழாமல் எடுத்து, மீண்டும் மேலே ஏறி வரவேண்டும். ஆறு கண்ணிகள், பதினாறு வரிசைகள். தொண்ணூற்றாறு கண்ணிகளைத் திருத்தினால் போதும். எஞ்சிய பகுதி சற்றும் குலையாது.

பின்னலை வெறும் கைப்பழக்கமாக அறிந்தவர் இவ்வழியில் இறங்க அஞ்சுவர். தம் கையிலுள்ள துணி எவ்வாறு நிற்கிறது, எந்தக் கண்ணி எதைத் தாங்குகிறது என்று உணர்ந்தவரே அவிழ்க்கத் துணிவர். தன் பிழையைத் தேடிக் கீழிறங்கி, அதனை மட்டும் திருத்தி மேலேறத் தெரிந்த பெண்ணை, முன்னோர் வடிவத்தை அப்படியே படியெடுப்பவள் என்று கருத முடியுமா? பரவிய கதை அவ்வாறுதான் கருதியது.

கதை பிறந்த விதம்

அயர்லாந்தின் நாடக ஆசிரியர் ஜே. எம். சிங் 1898ஆம் ஆண்டு முதல் ஆரன் தீவுகளுக்குப் பலமுறை சென்று தங்கினார். அவர் எழுதிய ‘ரைடர்ஸ் டு தி சீ’ என்னும் ஓரங்க நாடகம் 1904இல் அரங்கேறியது. கடலுக்குத் தன் ஆண்மக்களை ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுக்கும் தாயின் துயரமே அந்நாடகம். அதில், மூழ்கி இறந்த ஒருவனின் உடையில் எஞ்சிய பகுதி வீட்டிற்கு வந்து சேர்கிறது. அதிலிருந்த காலுறையைத் தான் பின்னியது என்று அவன் தங்கை கண்டுகொள்கிறாள். எவ்வாறு? தான் ஏற்றிய கண்ணிகளின் எண்ணிக்கையையும், தவறவிட்ட நான்கு கண்ணிகளையும் அவள் நினைவில் வைத்திருக்கிறாள்.

இங்கு நுட்பமாகக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அது சட்டையன்று, காலுறை. அதில் குடும்பச் சின்னம் எதுவும் இல்லை. தங்கைக்கு அடையாளம் காட்டியது முன்னோர் வகுத்த வடிவமன்று. அவளுடைய சொந்தக் கையின் கணக்கு. நாடகத்தில் வந்த இந்நிகழ்ச்சியே பிற்காலத்தில் திரிந்து, குடும்பத்திற்கொரு பின்னல் என்னும் கதைக்கு வித்தானது எனப் பின்னல் வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகின்றனர்.

அக்கதைக்கு மேலும் உரமிட்டவர் ஹைன்ஸ் எட்கர் கீவே. ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் கம்பளி நூல் வணிகம் செய்தவர் அவர். 1930களில் டப்ளின் நகரில் ஆரன் சட்டை ஒன்றைக் கண்டு வியந்தார். அயர்லாந்தின் பழைய சமயச் சுவடிகளில் தீட்டப்பட்ட முடிச்சுச் சித்திரங்களோடு அதன் பின்னல்களை ஒப்பிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரபு அது என்று நம்பினார். 1967இல் தம் நூலில் அக்கருத்தை விரித்தெழுதினார். அவர் அச்சட்டையின்மீது கொண்ட அன்பு மெய்யானது; அவரால் பலர் அதனை நாடினர் என்பதும் மெய். ஆனால், இரண்டு வடிவங்கள் ஒத்திருப்பது மட்டும் அவற்றிடையே உறவு உண்டென்பதற்குச் சான்றாகாது.

வணிகம் பெருகப் பெருகக் கதையும் பெருகியது. முறுக்கு மீனவரின் கயிற்றைக் குறிக்கும் என்றனர். சாய்சதுரம் தீவின் சிறு வயல்களைக் குறிக்கும் என்றனர். தேனடை உழைப்பைக் குறிக்கும் என்றனர். இன்ன குடும்பப் பெயருக்கு இன்ன பின்னல் என்று பட்டியல்களும் எழுந்தன. கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மக்களின் வழித்தோன்றல்கள் தம் வேரைத் தேடியபோது, இப்பட்டியல்கள் அவர்களுக்கு ஆறுதலாயின. அந்த ஏக்கத்தைக் குறைகூற இயலாது. ஆயினும், ஏக்கம் வேறு, வரலாறு வேறு.

சான்றுகள் கூறும் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரன் தீவு மக்களை எடுத்த ஒளிப்படங்களில் இன்று காணும் வெண்ணிற முறுக்குச் சட்டை காணப்படுவதில்லை. தீவினரின் உடைகளைப் பற்றி விரிவாக எழுதிய சிங்கும் அதனைக் குறிப்பிடவில்லை. பல நூற்றாண்டுப் பழமை உடையதாயின், அது இருவர் கண்ணுக்கும் தப்பியிருக்க இயலாது.

அவ்வாறெனில், அது எவ்வாறு தோன்றியது? அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் வறுமை மிகுந்திருந்த காலத்தில், அப்பகுதிகளின் மேம்பாட்டிற்கென 1891இல் அரசு வாரியம் ஒன்றை அமைத்தது. அது மீன்பிடித் தொழிலையும் வீட்டுக் கைத்தொழில்களையும் ஊக்குவித்தது. அதன் பயனாகப் பிற கடற்கரைகளின் மீனவரும் மீன் பதப்படுத்தும் தொழிலாளரும் ஆரன் தீவுகளுக்கு வந்தனர். பிரிட்டன் கடலோர மீனவர் அணிந்த கருநீலப் பின்னல் சட்டைகளை அவர்கள்வழித் தீவுப் பெண்கள் அறிந்தனர் என்று ஆய்வாளர் கருதுவர். அச்சட்டைகள் மெல்லிய நூலில் இறுக்கமாகப் பின்னப்பட்டவை.

கண்டதை அப்படியே செய்வதோடு தீவுப் பெண்கள் நின்றுவிடவில்லை. மெல்லிய நீல நூலுக்குப் பதிலாகத் தடித்த வெண்ணிற நூலை எடுத்துக்கொண்டனர். சிறு கோடுகள் இருந்த இடத்தில் புடைத்தெழும் முறுக்குகளை வைத்தனர். மார்பு முழுவதையும் வடிவங்களால் நிரப்பினர். சமயச் சடங்கு நாளில் சிறுவர்கள் அணிவதற்கென வெண்ணிறச் சட்டைகளை அழகுறப் பின்னினர் என்றும் கூறுவர். அருகிலிருந்த வீட்டில் ஒரு புதிய முறுக்கைக் கண்டால், அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்ய முயலும் போட்டி, கலை வளரும் இடங்களிலெல்லாம் காணக்கூடிய ஒன்று. இவ்வாறு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு சில பத்தாண்டுகளுக்குள் புதிய கலை ஒன்று உருவாயிற்று.

அக்கலை அவர்களுக்கு வருவாயும் ஆயிற்று. முரியல் கஹன் என்னும் பெண்மணி 1930இல் டப்ளின் நகரில் கிராமக் கைவினைஞர்களின் பொருள்களை விற்பதற்கெனக் கடை ஒன்றைத் தொடங்கினார். ஆரன் தீவுப் பெண்களின் பின்னல்களும் அங்கு இடம்பெற்றன. 1940களில் நூல் நிறுவனங்கள் இப்பின்னல்களின் செய்முறைகளை அச்சிட்டு வெளியிட்டன. 1960களின் தொடக்கத்தில் கிளான்சி சகோதரர்கள் என்னும் ஐரிஷ் இசைக்குழுவினர் இச்சட்டையை அணிந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினர்; அதன் புகழ் உலகெங்கும் பரவியது. 2017இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், உலகை மாற்றிய ஆடைகள் பற்றிய தன் கண்காட்சியில் ஆரன் சட்டைக்கும் இடம் அளித்தது.

கட்டுக்கதையை முதலில் ஐயுற்று ஆராய்ந்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ரிச்சர்ட் ரட். இங்கிலாந்தில் ஆயராகப் பணியாற்றிய அவர், தாமே பின்னலில் தேர்ந்தவர். கைப்பின்னலின் வரலாற்றை 1987இல் நூலாக எழுதினார். மற்றொருவர் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டார்மோர். புகழ்பெற்ற பின்னல் வடிவமைப்பாளரான அவர், 1997இல் வெளியிட்ட நூலில் பழைய சட்டைகளைக் கண்ணி கண்ணியாக ஆராய்ந்தார். பின்னத் தெரிந்த கண்களே பின்னலின் வரலாற்றைப் படித்தன என்பது இங்கு எண்ணத்தக்கது.

யாருக்குப் பெருமை?

கதை பொய்யானால் என்ன, அதனால் யாருக்கு இழப்பு என்று ஒருவர் வினவலாம். கதையால் சட்டைகள் விற்றன, குடும்பங்கள் பிழைத்தன. அது நன்மைதானே?

இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால், அக்கதை நுணுக்கமாகச் செய்த வேலை ஒன்று உண்டு. பின்னல் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்றால், அதனைப் படைத்தவர் எங்கோ இருளில் மறைந்த முன்னோர். இன்று பின்னுபவள் அதனைச் சுமந்து வந்து சேர்ப்பவள் மட்டுமே. குடும்பத்திற்கொரு வடிவம் என்றால், அவள் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. கணக்கும் அவளுடையதன்று, அழகும் அவளுடையதன்று. கைகள் மட்டுமே அவளுடையவை. கைகளுக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும் என்று எண்ணுவதும் அதன்பின் எளிதாகிவிடுகிறது. ஆடை ஒன்றுக்கு இவ்வளவு எனப் பேசி வாங்கப்பட்ட உழைப்பில், 57,000 கண்ணிகளுக்கு விலை உண்டு. அவற்றை எவ்வாறு அமைப்பது என்ற சிந்தனைக்கு விலையில்லை.

உண்மை வரலாறோ வேறு செய்தி கூறுகிறது. மண் இல்லாத தீவில், வறுமையின் நடுவில், பிறர் சட்டையைக் கண்ட சில பெண்கள் அதனினும் சிறந்த ஒன்றை எண்ணினர், எண்ணியதைச் செய்தனர், செய்ததை மேலும் திருத்தினர். பழமை குறைந்ததால் அவர்கள் பெருமை குறையவில்லை; கூடுகிறது. ஒரு பொருளைப் பழமையானது என்று மட்டும் புகழும்போது, அதனைப் படைத்தவரை மறந்துவிடும் இடர் உண்டு. புதியதாயினும் இன்னாருடைய அறிவில் பிறந்தது என்று கூறும்போதே புகழ் உரியவரைச் சென்றடைகிறது.

இன்று ஆரன் சட்டை என்னும் பெயரில் விற்பனையாகும் பலவும் இயந்திரத்தில் பின்னப்பட்டவை. கையால் பின்னுவோர் குறைந்துவிட்டனர். இயந்திரம் முறுக்கை மாறாமல் அமைக்கும். ஒரு சட்டையிலிருந்து மறுசட்டை வேறுபடாது. எண்ணெய் விளக்கருகே அமர்ந்திருந்த அப்பெண், அடுத்த சட்டையைத் தொடங்கும்போது நடுவிலுள்ள சாய்சதுரத்தை ஓரத்திற்கு நகர்த்திப் பார்த்திருப்பாள், நன்றாக அமைந்தால் வைத்துக்கொண்டிருப்பாள், இல்லையேல் அவிழ்த்திருப்பாள்.

அவள் பெயர் எந்தச் சட்டையிலும் பொறிக்கப்படவில்லை. கழுத்துப்பட்டையின் கடைசிக் கண்ணியை முடித்து, நூலை அறுத்து, அதன் முனையை உட்புறம் மறைத்துவிட்டு எழுந்து சென்றாள். எனினும், இம்முறுக்கு இடப்பக்கம் சாயட்டும், அம்முறுக்கு வலப்பக்கம் சாயட்டும் என்று முடிவு செய்தவள் அவளே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கூடை முடைதல், பாய் நெய்தல், மட்பாண்டம் வனைதல் போன்ற கைத்தொழில் செய்பவர் ஒருவரைச் சந்தியுங்கள். மரபாக வந்த முறைகள் எவை, அவர் தாமாகப் புகுத்திய மாற்றங்கள் எவை என்று கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. கைவினைப் பொருள் ஒன்றைப் பற்றி வழங்கும் கதையைக் கேட்டறிந்து, அதில் சான்றுடைய செய்திகளையும் சான்றில்லாத செய்திகளையும் பிரித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘பழமை என்பதே பெருமை’ – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. ‘பிழையை மட்டும் திருத்துதல்’ என்னும் கருத்தை, உங்கள் கல்வியிலோ விளையாட்டிலோ நேர்ந்த நிகழ்ச்சியோடு பொருத்தி ஒரு பத்தி எழுதுக.